ஜஹானாரா யோசித்த நாலு நிமிடம்

ஜஹானாராவுக்கு ஊசி என்றால் பயம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊசி போட்டுத்தான் சோறு தின்கிறாள். சூரமங்கலத்தில் காலை டவுன் பஸ் பிடித்து, பிறகு நாமக்கல் பஸ் ஏறி, புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், மாலை வரை அவள் கையில் சிரிஞ்சு இல்லாத நேரம் குறைவு. கைக்குழந்தையின் நூல் போன்ற நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "அந்த சிஸ்டர் வந்தாத்தான் போட்டுக்குவேன்" என்று காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள் ராசிபுரம் வரை உண்டு. இதிலெல்லாம் அவளுக்குக் கை நடுங்கியது கிடையாது. மயங்கிக் கிடந்து, எந்த நொடியில் விழிப்பான் என்று தெரியாத ஆளுக்கு ஊசி போடுவது மட்டும்தான் அவளுக்கு ஆகாது.

எல்லாம் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தின் வேலை. வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்ட ஒருவனைக் கூட்டாளிகள் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். மூச்சு நிற்கப் போகிற நிலை. அபின், மார்ஃபின் வகை மருந்துகள் அளவு மீறினால் மூளை மூச்சுவிடுவதையே மறந்துவிடும். அதை நினைவுபடுத்த ஒரு மருந்து இருக்கிறது, நலாக்சோன் என்று பெயர். ஜஹானாரா அதை அவன் கையில் போட்டாள். ஒரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தான். உயிர் வந்ததற்கு நன்றி சொல்லவில்லை. ஏறின போதை இறங்கிவிட்டதே என்ற கோபத்தில் கையை வீசினான். அவன் கையிலிருந்து அவள் உருவி வைத்திருந்த ஊசி அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கியது. ரத்தப் பரிசோதனைக்கு ஆள் நிற்கவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியே போய்விட்டான்.

அவன் ஓடிவிட்டான், மாட்டிக்கொண்டது இவள். இருபத்தெட்டு நாள் எய்ட்ஸ் தடுப்பு மாத்திரை. தின்றது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. அதுவரை வீட்டில் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். கணவர் பரக்கத் அலி ஜங்ஷன் பக்கம் பயணப்பெட்டிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். மூன்றாம் நாள் அவள் பாதி குடித்து வைத்த டீயை அதே தம்ளரில் எடுத்துக் குடித்தார். "டீயில எல்லாம் ஒட்டாதுன்னு ஊருக்கே நீதானே சொல்றே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அந்த விரல் மட்டும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சேலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் அவள் ஒரு பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்தாள். விரல் நுனி அளவு இருக்கும். சிரிஞ்சில் ஊசிக்குப் பதிலாக அதைச் செருகி, மூக்குத் துவாரத்தில் வைத்து அழுத்தினால் மருந்து பனி போலத் தெறிக்கிறது. மூக்கின் உள்தோல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடுமாம். நரம்பு தேட வேண்டாம். குத்த வேண்டாம். அவளுக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அருணகிரி கைதட்டுகிற ஆள் இல்லை. கூம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்லாத்தான் இருக்குது சிஸ்டர். மருந்துதான் இடிக்குது. நம்ம ஆம்பூல்ல, இந்தக் கண்ணாடிக் குப்பியில, ஒரு மில்லிக்கு ரொம்பக் கொஞ்சமாத்தான் மருந்து, மிச்சமெல்லாம் தண்ணிங்க. வெளிநாட்டுல மூக்குக்குன்னே கெட்டியா செய்யறாங்க. ஒரு துவாரம் ஒரு மில்லிக்கு மேல தாங்காது. நம்மளதை ஊத்துனா பாதி தொண்டை வழியா வயித்துக்குத்தான் போகும். வயித்துக்குப் போனா அது மருந்தே இல்ல."

"நரம்பு கிடைக்கலைன்னா என்ன சார் பண்றது?"

"தொடையில குத்துங்க. தொடை எங்கயும் ஓடிறாது."

இவள் விடவில்லை. நச்சரித்தே வாங்க வைத்தாள். அருணகிரி ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார். முதலில் முகமூடி வைத்துக் காற்று அழுத்த வேண்டும், அதில் சமரசம் கிடையாது. பிறகு மூக்கில் ஒரு தடவை. கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம். மூச்சு திரும்பாவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, தொடையில் ஊசி. இதை ஜஹானாராவே தன் கையால் எழுதி அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டினாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேருக்கும் கூம்பே போதுமாக இருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று அடித்து ஐந்து நிமிடம். வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து ஒரு மாருதி வேன் வந்து நின்றது. காலில் செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தவள் பெயர் ரஞ்சிதா. வேனில் கிடந்தவர் அவளுடைய அப்பா சின்னுசாமி, விசைத்தறி ஓட்டுகிறவர், வயது அறுபத்திரண்டு. உலுக்கினால் முனகினார், விட்டால் அடங்கிப் போனார். ஜஹானாரா கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் நெஞ்சை எண்ணினாள். நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. இமையைத் தூக்கினாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் அபின் வகை மருந்துதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாதது, இந்த மனிதருக்கு இது எப்படி வந்தது என்பதுதான்.

"என்ன மருந்து சாப்பிட்டாரு?"

"ஒண்ணுமில்லீங்க."

"மாத்திரை? ஊசி? தூக்க மாத்திரை ஏதாவது?"

"எங்கப்பா காச்சலுக்கே மாத்திரை போடமாட்டாருங்க. காலையில முதுகு வலின்னு படுத்தாரு. அப்புறம் எழுப்புனா எந்திரிக்கவே இல்லீங்க." அவள் ஜஹானாராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், எங்கம்மா போயி ரெண்டு மாசந்தான் ஆகுதுங்க. எனக்கு வேற யாருமில்லீங்க. காப்பாத்திக் குடுத்துருங்க."

பெரிய டாக்டர் உள்ளே ஒரு சிசேரியனில் இருந்தார். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. தகவல் போயிற்று. "எழுதி ஒட்டியிருக்கறபடி பண்ணுங்க" என்று பதில் வந்தது.

சின்ன நர்ஸ் ஸ்ரீதேவி முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்தினாள். பாதிக் காற்று ஓரத்தில் புஸ்ஸென்று போனது. சின்னுசாமிக்குப் பல் இல்லை, கன்னம் ஒட்டிப்போய் முகமூடி பதியவில்லை. கையில் நரம்பு தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பதினொன்று பத்துக்கு ஜஹானாரா கூம்பை அவர் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

பழுப்புத் தண்ணீராக அது அப்படியே திரும்பி வழிந்து மீசையில் இறங்கியது.

பொடி. மூக்குப்பொடி. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி ஒருபக்கம், முப்பது வருடப் பொடி ஒருபக்கம் என்று இரண்டு துவாரமும் சேறு அப்பினது போல் அடைத்துக் கிடந்தன. உறிஞ்ச வேண்டிய தோல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. இரண்டாவது துவாரத்தில் அழுத்தியதும் அதே கதைதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஜஹானாராவே பிற்பாடு அதை மறைக்கவில்லை. மருந்து உள்ளே போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பதினொன்று பதிமூன்று ஆனதும் தெரியும். ஊசி செருகிய சிரிஞ்சு தட்டில் தயாராக இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பஞ்சை நனைத்து மூக்கைத் துடைத்தாள். இன்னொரு ஆம்பூலை உடைத்தாள். மறுபடியும் கூம்பைச் செருகினாள். பல்லில்லாத அறுபத்திரண்டு வயசுக்காரர் எழுந்து கையை வீசவா போகிறார்? புத்திக்கு இது தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. துடைத்தால் போதும், இந்தத் தடவை ஏறிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"சிஸ்டர், உதடு நீலமாகுது" என்றாள் ஸ்ரீதேவி. அவளுடைய கை ஓய்ந்து போயிருந்தது. "சுவத்துல மூணு நிமிசம்னு போட்டிருக்குதுங்க."

கதவோரத்தில் ரஞ்சிதா நின்றிருந்தாள். அவள் பார்ப்பது ஜஹானாராவின் முதுகில் சுட்டது. சிரிஞ்சை எடுத்தாள். வேட்டியை ஒதுக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் துணியோடு சேர்த்துத் தொடையில் குத்தி மருந்தை இறக்கினாள். பதினொன்று பதினேழு.

இரண்டரை நிமிடம் கழித்துச் சின்னுசாமி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு இன்னொன்று. கையை வீசவில்லை. கண்ணைத் திறந்து, யாரையோ தேடுவது போலக் கூரையைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையைத் தடவினார்.

"என்ற பொடி டப்பா எங்கீங்க?" என்றார்.

ஸ்ரீதேவி சிரித்துவிட்டாள். ரஞ்சிதா சிரிப்பும் அழுகையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜஹானாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியை அதற்கான டப்பாவில் போட்டுவிட்டு, தன் விரலை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரத்தில் அருணகிரி வெளியே வந்தார். சின்னுசாமியிடம் அவரும் கேட்டார், மருந்து ஏதாவது போட்டீங்களா என்று. "சத்தியமா இல்லீங்க" என்றார் அவர். பொய் சொல்கிற முகம் இல்லை. டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டிருக்கும்போதே கிழவரின் பேச்சு இழுத்தது. இமை சரிந்தது. மூச்சு பத்து ஆயிற்று, எட்டு ஆயிற்று.

நலாக்சோன் சீக்கிரம் கரைந்துவிடும். மூச்சை அமுக்குகிற சமாசாரம் உடம்புக்குள் இன்னும் ஊறிக்கொண்டிருந்தால், அது மறுபடி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஊறிக்கொண்டுதான் இருந்தது. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. அருணகிரி கழுத்தில் நரம்பு தேட ஆரம்பித்தார். ஜஹானாரா வெளியே போய் ரஞ்சிதாவின் முன்னால் உட்கார்ந்தாள். கேட்ட கேள்வியையே கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மருந்து என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாய்க்குள் போவது, இல்லாவிட்டால் ஊசியில் போவது. மற்றதெல்லாம் கைவைத்தியம், அதை யாரும் டாக்டரிடம் சொல்லமாட்டார்கள்.

"மருந்தை விடுங்க. முதுகு வலின்னு சொன்னாருல்ல, அதுக்கு என்ன பண்ணீங்க?"

"உப்பு ஒத்தடம் குடுத்தேங்க. கல்லுப்பை வறுத்துத் துணியில கட்டி."

"எவ்வளவு நேரம்?"

"காலையில ஒரு தடவ, அப்புறம் ஒம்போது மணிக்கு ஒரு தடவங்க. நல்லா அழுத்தி வையி சாமின்னு அவருதான் சொன்னாரு. பனியன் மேலயே வெச்சேன்."

ஜஹானாரா எழுந்து உள்ளே ஓடினாள். இடுப்பில் வரிந்து கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சட்டையையும் பனியனையும் தூக்கினாள். தண்டுவடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, கண்ணாடித் தாள் போல இரண்டு ஒட்டுகள். சுற்றிலும் தோல் ஒத்தடச் சூட்டில் சிவந்திருந்தது. அருணகிரி குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார். ஃபென்டனில் ஒட்டு. மார்ஃபின் வகைதான், புற்றுநோய் வலிக்குக் கொடுப்பது. மூன்று நாளைக்குச் சொட்டுச் சொட்டாகத் தோலில் இறங்க வேண்டிய மருந்து. சூடு வைத்தால் மடை திறந்தது போல இறங்கிவிடும்.

ரஞ்சிதா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அது அம்மாளோட பிளாஸ்திரிங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது உறைத்தது. உப்பு மூட்டையை அழுத்திப் பிடித்த வலது கையை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டாள்.

அவளுடைய அம்மா அத்தாயி தை மாதத்தில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். மிஞ்சிய ஒட்டுகள் அலமாரியில் ஒரு மஞ்சப்பையில் இருந்திருக்கின்றன. திங்கட்கிழமை சாயங்காலம் சின்னுசாமி யாரிடமும் சொல்லாமல் இரண்டை எடுத்து ஒட்டிக்கொண்டார். மகளிடம் சொல்ல வெட்கம். மகளோ காலையில் அதன்மேலேயே ஒத்தடம் வைத்திருக்கிறாள்.

ஒட்டை உரித்து, தோலைத் தண்ணீரால் துடைத்து, கழுத்து நரம்பில் நலாக்சோனைச் சொட்டாக ஓடவிட்டார்கள். தோலுக்குள் இறங்கியது தீரும் வரை ஓட வேண்டும். நாலு மணிக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு என்று நிலைத்தது. ஆள் தப்பித்துக்கொண்டார்.

ஜஹானாரா நோயாளிச் சீட்டை எழுதி டாக்டர் முன்னால் வைத்தாள். பதினொன்று பத்து, மூக்கில் முதல் தடவை, ஏறவில்லை. பதினொன்று பதிமூன்று, மூக்கில் மறுபடி. பதினொன்று பதினேழு, தொடையில் ஊசி. அருணகிரி இரண்டு தரம் படித்தார்.

"பதிமூணுக்கே தொடையில போட்டிருக்கணும்."

"ஆமா சார். சிரிஞ்சு கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தது. என்னால எடுக்க முடியல."

அவருக்கு அந்த விரலின் கதை தெரியும். வேறு யாராவதாக இருந்தால் வறுத்தெடுத்திருப்பார். "நேரத்தை மாத்தாம எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ரஞ்சிதா பெஞ்சில் இருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டிப் பக்கத்தில் இருந்தது.

"எங்கம்மாளைத்தான் காப்பாத்த முடியல. அப்பனை நானே கொன்னுருப்பேங்க" என்றாள் அவள். "என்ற கையாலயே."

ஐந்தே காலுக்கு ஒரு பஸ் இருந்தது. ஜஹானாரா அதை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கம் உண்டு, அழகாகவே சொல்வாள். அன்றைக்கு அந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை.

"நீங்க தெரியாம பண்ணீங்க" என்றாள். "நான் தெரிஞ்சே நின்னேன். மூக்குல ஏறலைன்னு எனக்குத் தெரியும். ஊசி எடுக்க பயம். நாலு நிமிஷம் நின்னேன். நீங்க கதவுகிட்ட இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

விரலில் ஊசி ஏறிய கதையையும் சொன்னாள். ரஞ்சிதா அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று ஜஹானாரா காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். ரஞ்சிதா ஆறிய டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "நாளைக்கும் நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு ஜஹானாரா புதிதாக ஒன்று எழுதி ஒட்டினாள். மூக்கை முதலில் பார்க்கவும், அடைப்பு இருந்தால் காத்திராமல் தொடையில் ஊசி, சட்டையைக் கழற்றி முதுகையும் பார்க்கவும் என்று அதில் இருந்தது. கூம்புப் பெட்டியை அவள் தூக்கி எறியவில்லை. தட்டில் ஊசி சிரிஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சின்னுசாமி மகளோடு காட்டிப்போக வந்தார். கையில் அந்த மஞ்சப்பை.

"நீங்கதான் ஊசி போட்ட சிஸ்டருங்களா?"

"ஆமாங்க ஐயா."

"நாலு நிமிசம் யோசிச்சீங்கன்னு பாப்பா சொல்லுச்சு."

ரஞ்சிதா தரையைப் பார்த்தாள்.

"நான் ரெண்டு நாளு யோசிச்சேனுங்க அம்மணி" என்றார் அவர். "அது எங்க ஊட்டுக்காரியோடதுங்க. ராத்திரி ஒட்டியுட்டா காலையில அவளுக்கு மொகம் தெளிஞ்சிருக்கும். அதை எடுத்து நாம ஒட்டறதான்னு யோசிச்சேன். அப்புறம் இடுப்பு தாங்கல. இனி ஊட்டுல வேண்டாமுங்க, நீங்களே வாங்கிக்குங்க."

பையில் பிரிக்காத கவர் மூன்று இருந்தன. ஜஹானாரா ஸ்ரீதேவியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஒட்டைப் பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கழிவு டப்பாவில் போட்டாள். காலிக் கவர்களையும் போடப் போனபோது சின்னுசாமி கையை நீட்டினார்.

"அதைக் குடுங்க."

"இது எதுக்குங்க ஐயா?"

"அதுல அத்தாயின்னு எழுதியிருக்குதுங்க. வலிக்கு மருந்து குடுக்க வந்த நர்சம்மா எழுதுனது. ரேசன் கார்டுலகூடப் பேரை எடுத்துப்போட்டாங்க. ஊட்டுல அவ பேரு இருக்கற காயிதம் வேற இல்லீங்க."

ஜஹானாரா கவர்களின் உட்புறத்தை ஈரப் பஞ்சால் இரண்டு தடவை துடைத்து, உலரவிட்டுக் கொடுத்தாள். அவர் பேர் இருக்கும் பக்கத்தை மேலே வைத்து அடுக்கினார். சட்டைப் பையிலிருந்த பொடி டப்பாவை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிவிட்டு, அந்த இடத்தில் கவர்களை வைத்துக்கொண்டார்.